நிறம் மட்டும் நீ சொன்னாய்

தம்பி,

இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். போனில் சொன்னால் நீ "சரிப்பா, சரிப்பா, மீட்டிங்ல இருக்கறேன்பா" என்று வைத்துவிடுவாய். எழுதுவதில் ஒரு வசதி, நடுவில் நீ பேச முடியாது. நலமா என்று கேட்கப் போவதில்லை. சென்னையில் வேலை இருக்கிறது, பெண் நிச்சயமாகிவிட்டாள், கூடவே ஒரு வண்டியும் வருகிறது. உன் நலத்துக்கு என்ன குறைச்சல்? கூரத்தில் உன் மாமனார் தன் ஏரிக்கரை நிலத்தை விற்க ஆள் பிடித்துவிட்டார், அடுத்த வாரம் பத்திரப் பதிவு. அந்த நிலம் கைமாறுவதற்கு முன்னால் நீ செய்யவேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். படிக்கும்போது அப்பா கோபமாக எழுதியிருக்கிறார் என்று தோன்றினால், நீ சரியாகத்தான் படித்துக்கொண்டிருக்கிறாய்.

முதலில் வண்டியைப் பேசி முடித்துவிடுவோம். நிச்சயதார்த்தத்தன்று அனிதாவின் தாய்மாமன் சென்னையிலிருந்து ஓட்டி வந்தாரே, அந்த டீசல் வண்டி. பெயருக்குத்தான் எஸ்யூவி. காரைக் கொஞ்சம் தூக்கி நிறுத்தி, தோலில் சீட் தைத்து, முகப்பில் பெரிய கம்பெனிப் பொட்டு வைத்தால் அதுதான். உயரம் ஜீப்புக்கு, இடம் காருக்கு, விலை வீட்டுக்கு. சாப்பாடு முடிந்து பந்தலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது அந்த மனிதர் சாவியை என் கையில் வைத்து, "நீங்க வண்டிலயே ஊறினவரு. ஒரு ரவுண்டு போய்ட்டு வந்து எப்படி இருக்குதுன்னு சொல்லுங்க" என்றார். லாரியில் கிளீனராக ஏறி, டிரைவராகி, இன்றைக்கு ஏனாத்தூர் ரோட்டில் பழைய வண்டி யார்டு வைத்திருப்பவன் நான். சாவியைக் கையில் வைத்தால் வேண்டாம் என்று சொல்ல வாய் வருமா? ஓட்டியது நான், பக்கத்தில் உன் மாமனார், பின் சீட்டில் நீ. அந்தப் பயணத்தில் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் உனக்கும் கேட்டது. அதை ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் வேண்டியிருக்கும்.

ஊர் தாண்டுகிற வரைக்கும் அந்த வண்டி எனக்குப் பிடிக்கவில்லை. கிளட்ச் பெடல் கிடையாது. உள்ளே இரண்டு கிளட்ச் இருந்து ஒன்று விட ஒன்று பிடித்து, தானாகவே கியர் மாற்றிக்கொள்கிறது. கூரத்துத் தெருவில் மாட்டுக்கு வழி விட்டு உருட்டும்போது விக்கல் எடுத்த ஆள் மாதிரி வெட்டி வெட்டிப் போனது. பெடலை மிதித்தால் ஒரு கணம் யோசிக்கிறது. டர்போ மூச்சு வாங்குகிற நேரம் அது. ஆனால் பெங்களூர் ஹைவேயில் ஏறியதும் வேறு ஜாதி இன்ஜின். இரண்டு லிட்டர் டீசல், சுற்று ஏறுவதற்குள்ளேயே இழுவை முழுசாக வந்துவிட்டது. வரிசையாகப் போன லாரிகளைத் தாண்டும்போது முதுகை சீட்டோடு வைத்து அழுத்தியது. வெளியே நின்று கேட்டால் தடதடவென்று இருக்கிற சத்தம், கதவைச் சாத்தினால் பக்கத்து வீட்டு மிக்சி அளவுக்குக்கூட இல்லை. வேகம் ஏற ஏற ஸ்டியரிங் கையில் கனத்தது. அந்த உயரத்துக்குப் பாலத்து வளைவில் சாய்ந்திருக்க வேண்டும், சாயவில்லை. நல்ல வேலைப்பாட்டை நல்லது என்று சொல்லாமல் இருக்க எனக்குத் தெரியாது, அது என் சொத்தாக வரப்போவதில்லை என்கிறபோது.

"இழுவையப் பாருங்க சம்பந்தி" என்றேன். "நூறுல போய்க்கினு இருக்கறோம், டீ கிளாசு வெச்சா சிந்தாது." உன் மாமனார் தலைக்கு மேலிருந்த கைப்பிடியை விடவே இல்லை. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர், இன்றைக்கும் மொபெட்டில் போகிறவர். அதைப் பிடித்தபடியே கேட்டார்: "உங்களுக்குப் புடிச்சிருக்குதா சம்பந்தி?" நான் சொன்னேன்: "புடிக்காம இன்னா? ராஜா மாதிரி வண்டிங்க இது." அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்துக்கு ஒரு நிலம் போகிறது.

எங்கள் தொழிலில் வாங்க நினைக்கிற வண்டியை யாரும் புகழ்வதில்லை. டயர் மொட்டை, அடியில் துரு, கியர் கத்துகிறது என்று சுற்றிச் சுற்றி வந்து குறை சொன்னால் வாங்கப் போகிறோம் என்று அர்த்தம். "அருமையான வண்டிங்க, நல்லா வெச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தால், எழுந்து போகப் போகிறோம் என்று அர்த்தம். விற்கிறவனுக்கும் இது தெரியும், அதனால் யாரும் ஏமாறுவதில்லை. இந்தப் பேச்சு உனக்கும் தெரியும். காலேஜ் லீவில் என்னோடு வாலாஜாபாத்துக்கு ஒரு லோடு வண்டி பார்க்க வந்து, இன்ஜினைத் திறந்ததும் "சூப்பரா இருக்குதுப்பா" என்று கத்தினாயே. விற்கிறவன் சிரித்துக்கொண்டே "தம்பிக்குப் புடிச்சுப் போச்சு, அப்புறம் இன்னா சார்" என்று சொல்லி விலையிலிருந்து இறங்கவே இல்லை. திரும்பி வரும் வழியெல்லாம் நான் உன்னைத் திட்டினேன். அன்றிலிருந்து நீ எந்தக் கடையிலும் வாயைத் திறப்பதில்லை என்று உன் அம்மா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். ஆகவே அன்றைக்கு ஹைவேயில் நான் புகழ்ந்தபோது அதன் அர்த்தம் வேண்டாம் என்பதுதான் என்று அந்த வண்டிக்குள் தெரிந்த ஒரே ஆள் நீ.

உன் மாமனாருக்குத் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. மாப்பிள்ளையின் அப்பன் பெண் வீட்டாரிடம் ஒரு பொருளைப் புகழ்ந்தால் அந்த இடத்தில் அதற்குப் பெயர் கேட்பது. பழைய லாரி வாங்க மட்டும் தெரிந்து வைத்திருந்த எனக்கு, சம்பந்தி என்கிற நாற்காலியில் உட்கார்ந்தால் என் வாய் என் வாயாக இருக்காது என்று தெரியவில்லை. என் பங்கு அது. உன் பங்குக்கு இப்போது வருகிறேன்.

பத்து நாள் கழித்து அனிதா ஸ்கூட்டரில் யார்டுக்கு வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றாள். யாரோ வண்டி விற்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து நான் ஸ்கூட்டரின் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மாமா, ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்கக் கூடாது."

"வெயில்ல நிக்காத, உள்ள வாம்மா."

"இல்ல மாமா, கேட்டுட்டுப் போய்டறேன். அந்த வண்டி வேணும்னு நீங்க கேட்டீங்களா?"

எந்த வண்டி என்று நான் கேட்டதைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. அப்புறம்தான் ஹெல்மெட்டைக் கழற்றினாள். அவள் அப்பா அதே மாதிரி புது வண்டி ஒன்றை ஷோரூமில் புக்கிங் செய்துவிட்டதையும், நிலத்தை விற்க ஆள் வந்து அளந்துவிட்டுப் போனதையும் சொன்னாள். "அது அம்மா ஆசையா வெச்சிருந்த நெலம் மாமா. அம்மா இல்லாம போனதுக்கப்புறம் அப்பா அங்க போய்த்தான் உக்காந்துக்கினு இருப்பாரு. இப்போ கேட்டா, 'மாப்பிள்ள வூட்ல ஆசப்படறாங்க, நீ உள்ள போ'ன்றாரு." உன்னிடம் பேசினாளா என்று கேட்டேன். கேட்டிருக்கிறாள். நீ என்ன சொன்னாய் என்று அவள் சொன்னபோது எனக்கு யார்டில் நிற்கிற எல்லா வண்டியும் என்னைப் பார்க்கிற மாதிரி இருந்தது. "'பெரியவங்க பேசிக்கினு இருக்காங்க, நடுவுல நான் இன்னா சொல்றது'ன்னாரு மாமா." நான் பேசவே இல்லை தம்பி. நான் பேசவில்லை என்பதும் உனக்குத் தெரியும். போகும்போது கேட்டாள்: "எங்கப்பா அவர்கிட்ட வண்டியப் பத்தி ஏதாவது பேசனாரா மாமா?" எனக்குத் தெரியாதம்மா என்றேன். அன்றைக்கு அது உண்மை.

அன்று சாயங்காலமே கூரத்துக்குப் போனேன். என்ன சொல்லவேண்டும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன். போய் உட்கார்ந்து, எங்களுக்கு எதுவும் வேண்டாம், பெண் போதும் என்று நேராகவே சொன்னேன். உன் மாமனார் காபியை என் பக்கம் நகர்த்திவிட்டுச் சிரித்தார். "பெரிய பொண்ணுக்கு மாப்பிள்ள பாத்தப்பவும் அந்த சம்பந்தி இதே வார்த்ததான் சொன்னாருங்க. நான் வாத்தியாரு, சொன்னத அப்படியே நம்பிட்டேன். அவ வருஷக்கணக்கா அங்க பேச்சுக் கேட்டுக்கினு இருந்தா." இதற்கு மேல் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? முதல் தடவை வேண்டாம் என்று சொல்வது மரியாதை, அதற்குள் இருக்கிற கணக்கைப் பெண்ணைப் பெற்றவன்தான் போட்டுப் பார்க்கவேண்டும் என்று அந்த மனிதருக்கு யாரோ பாடம் நடத்திவிட்டுப் போயிருக்கிறார்கள்.

சரி, வண்டியையே கேவலப்படுத்திவிடுவோம் என்று ஆரம்பித்தேன். மனசாரச் சொன்னேன், ஒன்றும் பொய்யில்லை. "சம்பந்தி, இது ஊருக்குள்ள ஓட்டற வண்டியே இல்ல. புகையில வர்ற கரியப் புடிச்சு வெக்கறதுக்கு சைலன்சர் பக்கத்துல ஒரு வடிகட்டி இருக்குது. அந்தக் கரிய அதுவே எரிச்சுக்கணும். அதுக்கு ஹைவேல ஒரே வேகத்துல ரொம்ப நேரம் போவணும். இவன் சென்னையில வூட்டுக்கும் ஆபீசுக்கும் ஊர்ந்துக்கினு போவான். வடிகட்டி அடைச்சுக்கும், லைட் எரியும், கம்பெனிக்கு இழுத்துக்கினு போவணும்." டீசல் டேங்க் போதாதென்று யூரியாத் தண்ணிக்கு ஒரு தனி டேங்க் இருப்பதையும், அது தீர்ந்து போனால் வண்டி மறுபடி ஸ்டார்ட்டே ஆகாது என்பதையும் சொன்னேன். காற்று இறங்கினாலும் ஓடட்டும் என்று டயரின் பக்கச் சுவரைக் கல்லாக்கி வைத்திருப்பதால் ஸ்டெப்னியே கிடையாது, அந்தக் கல் டயர் நம் ரோட்டுப் பள்ளத்தையெல்லாம் இடுப்புக்கு அனுப்பும் என்றேன். பின் சீட்டில் நடுவில் உட்காருகிறவன் முழங்காலைக் காதில் வைத்துக்கொள்ளவேண்டும் என்றேன். கடைசியாக, எஸ்யூவி என்று சொல்கிறார்களே ஒழிய முன் சக்கரம் மட்டும்தான் இழுக்கிறது, மழையில் உங்கள் ஏரிக்கரைச் சேற்றில் இறக்கினால் டிராக்டர்தான் வந்து எடுக்கவேண்டும் என்றும் சேர்த்தேன். மனிதர் கவனமாகக் கேட்டுக்கொண்டார். வகுப்பில் பையன் சொல்வதைக் கேட்கிற மாதிரி தலையை ஆட்டினார். புரிந்துகொண்டார் என்று நான் சந்தோஷப்பட்டேன்.

எழுந்திருக்கும்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னார். "கலர் மட்டும் மாப்பிள்ள சொன்னதே இருக்கட்டுங்களா? கரும்பச்சைன்னு சொன்னாரு." செருப்பில் ஒரு காலை விட்டபடி நின்றுவிட்டேன். எப்போது கேட்டீர்கள் என்றேன். புக்கிங் செய்ய ஷோரூமில் நின்றுகொண்டு உனக்குப் போன் செய்தாராம். நீ ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, வெள்ளை எல்லோரும் வைத்திருக்கிறார்கள், கறுப்பில் தூசி தெரியும், கரும்பச்சை எடுங்கள் மாமா என்றாயாம். "மாப்பிள்ளைக்கு நல்ல ரசனைங்க" என்று என்னிடமே சொன்னார், அதில் ஒரு துளி கிண்டல் இல்லை.

மறுநாள் காலையில் உன் மாமனாரிடமிருந்து போன். "சம்பந்தி, நீங்க சொன்னதெல்லாம் ராத்திரி யோசிச்சேன். நாலு சக்கரமும் இழுக்கற மாடல் ஒண்ணு இருக்குதாம். அதுக்கு மாத்திச் சொல்லிட்டேன்." நான் போனை வைத்துவிட்டு உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் இட்லித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து சிரித்தாள். "தயவு செஞ்சு இன்னொரு வாட்டி போய்ப் பேசாதீங்க. அப்புறம் அந்த மனுஷன் பஸ்ஸு வாங்கிக் குடுத்துடுவாரு." சிரித்து முடித்துவிட்டு அந்தத் தட்டை மேடையில் வைத்த சத்தம் வேறு மாதிரி இருந்தது. "புகழ்ந்தா வண்டி வருது, திட்டனா பெரிய வண்டி வருது. நீங்க வாயத் தொறக்கறதே தப்பு. தொறக்க வேண்டியவன் தொறக்கல. அவன்கிட்ட பேசுங்க." அதனால்தான் இந்தக் கடிதம்.

உனக்கு அந்த வண்டி மேல் ஆசை. அதைத் தப்பென்று சொல்லமாட்டேன், நானே ஓட்டிப் பார்த்துவிட்டு இரண்டு நாள் அந்த ஸ்டியரிங்கைக் கையில் வைத்திருந்த மாதிரி இருந்தேன். ஆசை இருந்தால் கடன் வாங்கி வாங்கு, வட்டி கட்டு, வடிகட்டி அடைத்துக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தை விட்டு எழுந்து ஹைவேயில் ஓட்டிச் சுத்தம் செய். அது ஆசைப்பட்டவன் செய்கிற வேலை. நீ செய்தது அதில்லை. அப்பன் கேட்டான், மாமனார் கொடுத்தார், நான் என்ன செய்ய என்று இரண்டு பேரையும் முன்னால் தள்ளிவிட்டுப் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டாய். அன்றைக்கு ஹைவேயில் உட்கார்ந்த அதே பின் சீட்டு. அங்கிருந்து நிறம் மட்டும் சொன்னாய். கேட்டு வாங்குகிறவனைக்கூட நான் மதிப்பேன், அவன் மூஞ்சியாவது வெளியே தெரிகிறது. கேட்காத மாதிரி வாங்குகிறவனை என் யார்டு கேட்டுக்குள்ளேயே விடமாட்டேன். உன்னை நான் அப்படி வளர்த்தேனா, நீயாக அப்படி ஆனாயா என்று தெரியவில்லை. தெரிந்து இப்போது ஒன்றும் ஆகப்போவதும் இல்லை.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டுக் கிளம்பு. காஞ்சிபுரத்தில் இறங்கி வீட்டுக்கு வராதே, நேராகக் கூரத்துக்குப் பஸ் ஏறு. உன் மாமனாரிடம் வண்டி நன்றாக இருக்கிறது என்றும் சொல்லாதே, மோசம் என்றும் சொல்லாதே. அந்த வீட்டில் நம் வாயிலிருந்து வண்டியைப் பற்றி எது போனாலும் அது கேட்பதாகத்தான் போய்ச் சேரும், நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். "நான் கலர் சொன்னது தப்பு மாமா. வாங்க, ரெண்டு பேரும் போய் கேன்சல் பண்ணிட்டு வந்துடலாம்" என்று சொல். சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடாதே. அவர் சிரிப்பார், காபி கொடுப்பார், நீயும் மரியாதைக்குச் சொல்கிறாய் என்று நினைப்பார். சட்டையைப் போட்டுக்கொண்டு வரச்சொல், ஷோரூம் வரைக்கும் கூடவே போ, ரத்து செய்த காகிதம் அவர் கைக்கு வருகிற வரைக்கும் அந்தக் குளுகுளு அறையில் பக்கத்திலேயே உட்கார். மாப்பிள்ளையின் அப்பன் சொல்கிற வேண்டாம் முதல் சுற்று மரியாதை. மாப்பிள்ளை கூடவே வந்து ரத்து செய்தால்தான் அது வேண்டாம். இதை நீ செய்யாமல் வண்டி வந்து நின்றால், சாவி என் கைக்கு வராமல் நான் மணமேடை ஏறமாட்டேன். சாவி வந்தால் அந்த வாரமே அது என் யார்டில் முன் வரிசையில் நிற்கும், கண்ணாடியில் விலை எழுதி; விற்ற பணம் வாத்தியாருக்கு. போய் வருகிறவனெல்லாம் குறை சொல்லிவிட்டுப் போவான்.

இன்னொன்று இருக்கிறது, அதுதான் உனக்குக் கஷ்டமாக இருக்கும். நீ நிறம் சொன்னது அனிதாவுக்குத் தெரியாது. அவளிடம் முதலில் நீ சொல்லவேண்டும், வாத்தியாரிடம் போவதற்கும் முன்னால். அப்பா சொல்லச் சொன்னார் என்று என்னைத் துணைக்குக் கூப்பிடாதே. என்னிடம் ஏற்கெனவே ஒரு தடவை கேட்டுவிட்டாள், மறுபடியும் கேட்டால் எனக்குத் தெரியாது என்று இனிமேல் சொல்ல முடியாது. யார்டில் அடிபட்ட வண்டி நின்றால், வாங்க வருகிறவன் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்துத்தான் விலை பேசுவேன். மேலே பெயிண்ட் அடித்து விற்கிறவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள், நான் அந்தக் கூட்டத்தில் சேர்ந்ததில்லை. உனக்காகவும் சேரமாட்டேன். தொட்டுப் பார்த்ததும் பாதிப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள். அனிதாவும் போகலாம். போனால் அவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இருக்காது, நீயும் வைத்துக்கொள்ளாதே.

வெள்ளிக்கிழமை காலையில் கூறைப்பட்டு எடுக்க இரண்டு வீட்டாரும் கடைக்குப் போகிறோம். உனக்கே தெரியும், ஜமக்காளத்தில் உட்காரவைத்து, புடவைகளைப் பிரித்துப் பிரித்துப் போட்டு, கடைக்காரரிலிருந்து உன் அம்மா வரைக்கும் எல்லோரும் அனிதாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு, என்ன கலர் வேண்டும் என்று கேட்பார்கள். அவள் வாயைத் திறந்து ஒரு நிறத்தைச் சொல்வதற்கு முன்னால், நீ சொன்ன நிறம் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்பா